மின்யானோவில் மாண்ட தம்பி: பாடநூல் குழுவினருக்கு ஒரு திறந்த மடல்

தமிழ்நாட்டுப் பள்ளிப் பாடநூல் உருவாக்கக் குழுவினருக்கு,

வணக்கம்.

பத்தாம் வகுப்புச் சமூக அறிவியல் நூலில் இரண்டாம் உலகப்போருக்கென்று ஓர் அலகு இருக்கிறது. அது அடுத்த முறை திருத்தப்படும்போது, சுபேதார் சுப்பிரமணியன் என்ற காஞ்சிபுரம் மாவட்டத்துப் படைவீரருக்கு அதில் ஒரு முழுப்பக்கம் ஒதுக்க வேண்டும் என்று கேட்டுக்கொள்ளவே இம்மடலை எழுதுகிறேன். பள்ளியில் நீண்ட காலம் வரலாறு கற்பித்து ஓய்வு பெற்றவன் என்பதைத் தவிர இதைக் கேட்பதற்கு எனக்கு வேறு தகுதி இல்லை. நான் அவருக்கு உறவினனும் அல்லன், படையில் பணியாற்றியவனும் அல்லன். உங்கள் அலுவலகத்துக்கு ஒரு விண்ணப்பமாக அனுப்பாமல் பொதுவில் வைப்பதற்குக் காரணம், இந்தக் கோரிக்கைக்கு எழக்கூடிய மறுப்பும் பொதுவில் பேசித் தீர்க்க வேண்டியதாக இருப்பதுதான்.

அன்றைய செங்கல்பட்டு மாவட்டத்தைச் சேர்ந்த கீழ்ஒட்டிவாக்கம் அவருடைய ஊர். அவர் சேர்ந்த படைப்பிரிவு ‘மெட்ராஸ் சாப்பர்ஸ் அண்ட் மைனர்ஸ்’. 1780-இல் சென்னை மாகாணப் படையில் தோன்றி, இன்று மெட்ராஸ் பொறியாளர் பிரிவு என்ற பெயரில் பெங்களூரு அல்சூர் ஏரியை அடுத்து இயங்கிவருவது அதுதான். அந்தப் பிரிவின் வீரரை இன்றுவரை ‘தம்பி’ என்றே குறிப்பிடுவது படை வழக்கம். பாலம் கட்டுவதும், பாதை போடுவதும், தண்ணீர் ஏற்பாடு செய்வதும், எதிரி புதைத்த கண்ணிவெடிகளைத் தோண்டி எடுப்பதும் அவர்கள் வேலை. படை முன்னேற வேண்டுமானால் இவர்கள் அதற்கு முன்பே அங்கே போய்ச் சேர்ந்திருக்க வேண்டும். படை பின்வாங்கினால் பாலத்தைத் தகர்த்துவிட்டுக் கடைசியாகக் கிளம்புகிறவர்களும் இவர்களாகவே இருப்பார்கள். போர்க்களத்தின் செய்திகளில் துப்பாக்கி ஏந்தியவர்களுக்குக் கிடைக்கிற இடம் மண்வெட்டி ஏந்தியவர்களுக்குக் கிடைப்பதில்லை.

1944 பிப்ரவரியில் அவர் இத்தாலியில் இருந்தார். ரோம் நகரை நோக்கி வடக்கே செல்லும் நெடுஞ்சாலையை மோன்டே கசினோ மலை மறித்துக்கொண்டிருந்தது. அதன் உச்சியில் இருந்த பழைமையான மடாலயத்தை நேசநாட்டு விமானங்கள் பிப்ரவரி 15-ஆம் நாள் குண்டுவீசித் தரைமட்டமாக்கின. அதைத் தொடர்ந்து நான்காவது இந்திய டிவிஷனும் நியூசிலாந்துப் படையும் நடத்திய தாக்குதல் 18-ஆம் நாளோடு பயனின்றி முடிந்தது. அதற்குப் பிறகு மழை பிடித்துக்கொண்டது. மார்ச் நடுவில் அடுத்த தாக்குதல் தொடங்கும்வரை, பெரும்படைகள் சேற்றில் நின்று வானம் வெளுக்கக் காத்திருந்தன. வரலாற்று நூல்கள் இந்த இடைவெளியை ஒரே வரியில் கடந்துவிடுகின்றன. ஆனால் பொறியாளர்களுக்குக் காத்திருப்பு என்று ஒன்று கிடையாது. கசினோவுக்குத் தெற்கே, மலைகளுக்கு நடுவே மின்யானோ என்ற ஊர் இருக்கிறது. அந்தக் கணவாயை ஜெர்மானியர் விட்டுப் போய் ஏறக்குறைய இரண்டு மாதம் ஆகியிருந்தது. அவர்கள் புதைத்த கண்ணிகள் போகவில்லை. வண்டிகளும் ஆட்களும் புழங்க வேண்டிய அந்த நிலத்தை அடியடியாகச் சோதித்துத் தருவதுதான் சுப்பிரமணியன் போன்றோருக்கு இடப்பட்ட பணி.

அந்தப் பணி எப்படி நடந்தது என்பதை மாணவர்களுக்குச் சற்று விரிவாகச் சொல்ல வேண்டும் என்று நினைக்கிறேன், ஏனெனில் அது தெரியாமல் அவர் செய்தது விளங்காது. முன்னே செல்பவர் நீண்ட கோலின் நுனியில் பொருத்திய வட்டத் தகட்டைத் தரைக்குச் சற்று மேலே பிடித்து இடமும் வலமும் மெல்ல வீசிக்கொண்டு போவார். காதில் மாட்டிய கருவியில் ஓசை மாறினால் மண்ணுக்கடியில் உலோகம் இருக்கிறது என்று பொருள். அது தகர டப்பாவாகவும் இருக்கலாம், வெடித்துச் சிதறிய பழைய குண்டின் துண்டாகவும் இருக்கலாம். சந்தேகப்பட்ட இடத்தில் ஒருவர் குப்புறப் படுத்து, துப்பாக்கிமுனைக் கத்தியைச் சாய்வாகச் செருகி, ஏதாவது தட்டுப்படுகிறதா என்று பார்ப்பார். சோதித்து முடித்த பாதையின் இருபுறமும் வெள்ளை நாடாவைக் கட்டிக்கொண்டே பின்னால் வருவார்கள். நாடாவுக்கு உள்ளே உயிர், வெளியே சாவு என்பதுதான் அந்த வேலையின் கணக்கு. மழை பெய்து மண் இளகிய நிலத்தில் அந்தக் கணக்கு பலமுறை பொய்த்தது.

ஜெர்மானியர் பயன்படுத்திய கண்ணிகளுள் மிக அஞ்சப்பட்டது எஸ்-மைன் என்பது. அதன் தலையில் நீட்டிக்கொண்டிருக்கும் சிறு கம்பிகளில் ஒன்றை மிதித்தால் அது உடனே வெடிக்காது. ஏறக்குறைய நான்கு நொடிகள் கழித்து, உள்ளிருக்கும் உருளை மண்ணிலிருந்து இடுப்பளவு உயரத்துக்கு எகிறி, அங்கே வெடித்து, முந்நூறுக்கும் மேற்பட்ட எஃகுக் குண்டுகளைச் சுற்றிலும் விசிறியடிக்கும். மிதித்தவர் மட்டுமல்ல, இருபது மீட்டர் தொலைவுக்குள் நிற்கும் எவரும் தப்புவது அரிது. ஒரு மனிதன் நடந்துகொண்டிருக்கும்போது அவனுடைய நண்பர்களையும் சேர்த்துக் கொல்வதற்கென்றே ஒருவர் மேசையில் அமர்ந்து, வரைந்து, கணக்கிட்டு உருவாக்கிய கருவி அது.

பிப்ரவரி 24-ஆம் நாள், சுப்பிரமணியனின் குழுவில் கருவியோடு முன்னே சென்ற லான்ஸ் நாயக் அத்தகைய கண்ணி ஒன்றை மிதித்துவிட்டார். அவருக்குப் பின்னால் குழுவினர் நெருங்கி நின்றார்கள். எஸ்-மைனின் அந்த நான்கு நொடியைப் பற்றி அவர்கள் அனைவருக்கும் பயிற்சியில் சொல்லிக் கொடுத்திருப்பார்கள்: சட்டென்று விலகித் தரையோடு தரையாகப் படுத்துவிட வேண்டும். சுப்பிரமணியன் விலகவில்லை. கண்ணி எகிறும் முன்பே அதன்மேல் பாய்ந்து, தம் உடலால் அதை மூடினார். வெடிப்பின் முழு விசையையும் அவர் உடல் தாங்கிக்கொண்டது. அவர் அங்கேயே இறந்தார், அருகில் இருந்தவர்கள் பிழைத்தார்கள். அப்போது அவர் முப்பதுகளின் தொடக்கத்தில் இருந்தார்.

அதே ஆண்டு ஜூன் 30-ஆம் நாள் அவருக்கு ஜார்ஜ் கிராஸ் விருது அறிவிக்கப்பட்டது. போர்க்களத்தில் எதிரியை நேருக்கு நேர் எதிர்கொண்டு காட்டும் வீரத்துக்கு விக்டோரியா கிராஸ். எதிரி எதிரில் இல்லாத இடத்தில் காட்டும் வீரத்துக்கு, அதே மதிப்பில், 1940-இல் ஏற்படுத்தப்பட்டது ஜார்ஜ் கிராஸ். மாணவர்கள் முன் எடுத்து வைப்பதற்கு இந்த வேறுபாடே எனக்கு முக்கியமாகப் படுகிறது. உலகப்போரைக் கற்பிக்கும்போது எத்தனை நாடுகள், எத்தனை டாங்கிகள், எத்தனை கோடிப் பேர் மாண்டார்கள் என்று அடுக்கிக்கொண்டே போகிறோம். அந்தப் போரின் நடுவே, யாரையும் கொல்லாத ஒரு செயலுக்காக மிக உயர்ந்த விருதைப் பெற்ற ஒரு தமிழர் இருந்தார் என்பது அந்த அடுக்கில் எங்கும் பொருந்தாமல் தனியே நிற்கிறது. ஒரு மாணவியோ மாணவனோ நின்று யோசிப்பதற்கு ஓர் அலகில் இப்படி ஓர் இடமாவது இருக்க வேண்டும்.

அவர் உடலை இந்து முறைப்படி எரியூட்டினார்கள். ஆகவே அவருக்குக் கல்லறை இல்லை. இத்தாலியின் கிழக்குக் கரையில், சாங்க்ரோ ஆற்றை ஒட்டிய போர்க் கல்லறைத் தோட்டத்தில், அவ்வாறு எரியூட்டப்பட்ட 500-க்கும் மேற்பட்ட இந்திய வீரர்களுக்கு எழுப்பப்பட்ட தகன நினைவகத்தில் அவருடைய பெயரும் பொறிக்கப்பட்டிருக்கிறது. இத்தாலியில் இத்தகைய தகன நினைவகங்கள் மூன்று உண்டு. அந்த நாட்டில் நடந்த போரில் மட்டும் 5,700-க்கும் மேற்பட்ட இந்திய வீரர்கள் உயிரிழந்தார்கள். அங்கே வழங்கப்பட்ட 20 விக்டோரியா கிராஸ்களில் ஆறு இந்தியப் படையினருக்குக் கிடைத்தன. இந்த எண்களையெல்லாம் பாடத்தில் தர வேண்டும் என்று நான் கேட்கவில்லை. சுப்பிரமணியன் தனித்த அதிசயம் அல்லர், பெயர் வெளியே தெரிந்த ஒருவர், அவ்வளவுதான் என்பதை ஆசிரியர் அறிந்திருக்க வேண்டும் என்பதற்காகச் சொல்கிறேன்.

இனி, எழக்கூடிய மறுப்புக்கு வருகிறேன். ‘அவர் வெள்ளைக்காரனுக்காகச் சண்டையிட்டவர்தானே, விடுதலைக்காக உயிர் கொடுத்த எத்தனையோ பேர் இருக்க, பக்கத்தை இவருக்கு ஏன் தர வேண்டும்’ என்று உங்கள் குழுவிலேயே ஒருவர் கேட்கக்கூடும். நியாயமான கேள்வி. இதை மழுப்பிவிட்டுப் போனால் அந்தப் பக்கம் அச்சாகி வந்த பிறகு வகுப்பறையில் ஏதாவதொரு பிள்ளை கேட்கும், ஆசிரியர் திணறுவார்.

1939 செப்டம்பர் 3-ஆம் நாள், இந்தியாவும் போரில் இருக்கிறது என்று வைஸ்ராய் லின்லித்கோ அறிவித்தபோது அவர் இந்தியத் தலைவர்கள் எவரையும் கலந்து பேசவில்லை. அதை எதிர்த்து மாகாணங்களில் காங்கிரஸ் அமைச்சரவைகள் பதவி விலகின. சென்னையில் ராஜாஜியின் அமைச்சரவையும் விலகியது. அப்படியானால் அந்தப் போரில் மாண்ட சுமார் 87,000 இந்திய வீரர்களும், தங்கள் நாட்டின் ஒப்புதல் கேட்கப்படாத ஒரு போரில் மாண்டவர்கள். இது அவர்களை மறப்பதற்கான காரணமா, அல்லது அவர்களைப் பற்றிப் பேசியே ஆக வேண்டும் என்பதற்கான காரணமா? குடியேற்ற ஆட்சி நம்மிடமிருந்து பருத்தியையும் உப்பு வரியையும் எடுத்துக்கொண்ட கணக்கைப் பாடத்தில் எழுதுகிறோம். ஆட்களை எடுத்துக்கொண்ட கணக்கையும் அதனோடு சேர்த்துத்தான் எழுத வேண்டும். படையில் சேர்ந்தவர்களில் பெரும்பாலோர் மன்னருக்காக உயிர்விடச் சேர்ந்தவர்கள் அல்லர். மாதச் சம்பளமும், வீட்டுக்கு அனுப்பும் பணமும், ஓய்வூதியமும்தான் வானம் பார்த்த பூமியில் உழுது வாழ்ந்த குடும்பங்களிலிருந்து அவர்களை அழைத்துச் சென்றன. இன்றும் நம் ஊர்களில் படைக்கு ஆள் எடுக்கும் நாளில் விடியுமுன் மைதானத்தில் வந்து நிற்கும் இளைஞர்களைக் கேட்டால் இதே விடைதான் வரும்.

இதில் இன்னொரு சிக்கலும் இருக்கிறது. அதைப் பற்றி நம் பாடங்களில் அதிகம் பேசுவதில்லை என்பது எனக்குப் பெரிய குறையாகப் படுகிறது. பத்தொன்பதாம் நூற்றாண்டின் பிற்பகுதியில் ஆங்கிலேயர் ‘போர்க்குணம் உள்ள இனங்கள்’ என்றொரு கோட்பாட்டைக் கட்டி எழுப்பினார்கள். வடமேற்கில் உள்ளவர்களே போருக்குப் பிறந்தவர்கள், தென்னாட்டார் அதற்கு ஆகாதவர்கள் என்பது அதன் சாரம். 1881 முதல் சென்னைப் படையின் தளபதியாக இருந்த ராபர்ட்ஸ் இந்தக் கருத்தை உறுதியாகப் பற்றியவர். பின்னர் இந்தியப் படை முழுவதற்கும் அவரே தளபதியானார். சென்னை மாகாணத்துக் காலாட்படைகள் படிப்படியாகக் குறைக்கப்பட்டன. முதல் உலகப்போருக்குப் பிறகு, மிஞ்சியிருந்தவையும் கலைக்கப்பட்டன. கம்பெனி ஆட்சியை நிறுவுவதற்குத் துணை நின்ற சென்னைச் சிப்பாய்களின் பேரப்பிள்ளைகளைப் பார்த்து, உங்களுக்குச் சண்டை வராது என்று சொல்லி வீட்டுக்கு அனுப்பிவிட்டார்கள். பொறியாளர் பிரிவை மட்டும் கலைக்கவில்லை, ஏனென்றால் அவர்கள் இல்லாமல் வேலை நடக்கவில்லை. இரண்டாம் உலகப்போரில் ஆள் பற்றாக்குறை ஏற்பட்ட பிறகுதான் மெட்ராஸ் ரெஜிமென்டை மீண்டும் எழுப்பினார்கள்.

எனவே சுப்பிரமணியனுடைய பக்கம் பேரரசைப் புகழும் பக்கமாக ஆகிவிடுமோ என்று அஞ்சத் தேவையில்லை. சரியாக எழுதினால் அது பேரரசின் ஒரு பொய்யை அம்பலப்படுத்தும் பக்கமாகவே அமையும். எந்த மண்ணில் வீரம் விளையாது என்று ஏட்டில் எழுதி வைத்தார்களோ, அந்த மண்ணிலிருந்து வந்த ஒருவருக்கே அவர்களுடைய மிக உயர்ந்த விருதைத் தர வேண்டிவந்தது. ஆனால் இங்கேயும் ஓர் எச்சரிக்கை தேவை. அந்தக் கோட்பாட்டை மறுப்பதாக நினைத்துக்கொண்டு, ‘தமிழனும் போர் மறவனே, பிறவியிலேயே வீரன்’ என்று எழுதிவிடுவோமானால், நாம் ராபர்ட்ஸின் கோட்பாட்டையே தமிழில் எழுதியவர்கள் ஆவோம். வீரம் இனத்தில் இருக்கிறது என்பதுதான் அந்தப் பொய்யின் வேர். மின்யானோவில் நடந்தது ஓர் இனத்தின் செயல் அன்று. ஒரு மனிதர், தம்முடன் இருந்தவர்களைப் பார்த்து, நான்கு நொடிக்குள் எடுத்த முடிவு அது.

அவரோடு சேர்த்து, எதிர் அணியில் நின்றவர்களையும் அந்த அலகு நினைவுகூர வேண்டும். அதே ஆண்டுகளில் மலாயாவின் ரப்பர்த் தோட்டங்களில் பால்வெட்டிக்கொண்டிருந்த தமிழ் இளைஞர்களும் பெண்களும் நேதாஜியின் அழைப்பை ஏற்று இந்திய தேசிய ராணுவத்தில் சேர்ந்தார்கள். பலர் தம் முன்னோர் பிறந்த மண்ணை ஒருமுறைகூடப் பார்த்ததில்லை; அதன் விடுதலைக்காகப் பர்மாவின் காடுகளில் பசியாலும் காய்ச்சலாலும் குண்டாலும் மடிந்தார்கள். ஒரே மொழி பேசியவர்கள் இரண்டு கொடிகளின் கீழ் இரண்டு அயல்நிலங்களில் இறந்தார்கள். இவர்களில் யார் சரி என்று பத்தாம் வகுப்புப் பிள்ளையிடம் தீர்ப்புக் கேட்க வேண்டியதில்லை. இரண்டு பேருக்கும் அவர்கள் வாழ்ந்த காலம் என்னென்ன வழிகளைத் திறந்து வைத்திருந்தது, எவற்றை அடைத்து வைத்திருந்தது என்று பார்க்கக் கற்றுக்கொடுத்தால் போதும். அதுதான் வரலாற்றுப் பாடம். தேசிய ராணுவத்தைப் பற்றி நம் நூல்கள் பேசுகின்றன, பேச வேண்டும். மறுபக்கத்தில் இருந்தவர்களைப் பற்றிய மௌனத்தை மட்டுமே நான் கேள்விக்கு உட்படுத்துகிறேன்.

எழுதுவது எப்படி என்பது பற்றியும் சிலவற்றைச் சொல்ல விரும்புகிறேன், ஏனென்றால் தவறாக எழுதுவதைவிட எழுதாமல் விடுவது மேல். முதலாவது, அவர் வாயில் எந்த வசனத்தையும் வைத்துவிடாதீர்கள். நான்கு நொடியில் யாரும் வசனம் பேசுவதில்லை. ‘தாய்மண்ணே வணக்கம்’ என்றோ, ‘நீங்கள் வாழுங்கள்’ என்றோ அவர் சொன்னதாக எழுதினால் கண்ணில் நீர் வரலாம். ஆனால் அது பொய். அவர் மேடையில் நடிக்கவில்லை. அவர் செய்ததற்குப் பின்னணி இசை சேர்க்க வேண்டிய தேவையும் இல்லை.

அடுத்தது, ‘உங்களுக்குத் தெரியுமா?’ என்ற பெட்டிக்குள் அவரை அடைத்துவிடாதீர்கள். பெட்டிச் செய்தி எங்கே போய் முடியும் என்பதை ஆசிரியர்கள் அறிவோம். அது ஒரு மதிப்பெண் வினாவாக மாறும். நான்கு விடைகள் தரப்படும். ‘ஆ’ என்று எழுதிவிட்டுப் பிள்ளை அடுத்த வினாவுக்குப் போய்விடும். விருது பெற்ற ‘முதல் இந்தியர்’ என்று அவரைக் குறிப்பிடும் வழக்கமும் பரவலாக இருக்கிறது. பழைய பேரரசு வீரப் பதக்கத்தை வைத்திருந்தவர்கள் 1940-க்குப் பிறகு அதைக் கொடுத்து ஜார்ஜ் கிராஸாக மாற்றிக்கொண்ட கணக்கும் ஒன்று இருப்பதால், அந்த அடைமொழியைத் தவிர்ப்பது பாதுகாப்பானது. பத்தாவதாகப் பெற்றிருந்தாலும் அவர் செய்தது அதேதான். எதற்கெடுத்தாலும் ‘முதல்’ தேடுகிற பழக்கத்திலிருந்து நம் பாடநூல்கள் கொஞ்சம் விடுபடுவது பொதுவாகவே நல்லது.

இன்னொன்றைச் சொல்லத் தயக்கமாக இருந்தாலும் சொல்லிவிடுகிறேன். நம் மாநிலத்தில் ஒருவர் பெயர் பெரிதாகப் பேசப்படத் தொடங்கியதும், அவர் எந்தச் சாதி என்று தேடிக் கண்டுபிடித்துச் சுவரொட்டி ஒட்டுவதற்குச் சிலர் கிளம்பிவிடுகிறார்கள். பிறகு அந்த மனிதர் ஊருக்கே உரியவராக இருந்த நிலை போய், ஒரு தெருவுக்கு மட்டும் உரியவராகிவிடுகிறார். பாடத்தில் அவர் ஊரையும் படைப்பிரிவையும் தவிர வேறு அடையாளம் எதையும் சேர்க்காமல் விடுவதுதான் நீங்கள் அவருக்குச் செய்யக்கூடிய மரியாதை. அவர் யாரைக் காப்பாற்றினாரோ அவர்களுடைய குலத்தைக் கேட்டுவிட்டுக் கண்ணிமேல் பாயவில்லை.

வடிவத்துக்கு வேறெங்கும் முன்மாதிரி தேட வேண்டியதில்லை. நம் நடுகற்களே போதும். செங்கம், தருமபுரி, கிருஷ்ணகிரிப் பகுதிகளில் கிடைத்திருக்கும் கல்வெட்டுள்ள நடுகற்களைப் பாருங்கள். எந்த அரசனின் எத்தனையாவது ஆட்சியாண்டு, இறந்தவன் யாருடைய சேவகன், அவன் பெயர் என்ன, எந்தப் பூசலில் என்ன செய்து பட்டான் என்று நான்கைந்து வரியில் முடிந்துவிடும். புகழுரை இருக்காது. செங்கத்துக்கு அருகே எடுத்தனூரில், மகேந்திரவர்ம பல்லவனின் 34-ஆம் ஆட்சியாண்டைச் சேர்ந்த கல்லொன்று இருக்கிறது. தலைவன் பட்ட பிறகும் இரண்டு கள்ளரைக் கடித்துக் காத்து நின்ற கோவிவன் என்ற நாயின் பெயரை அதில் வெட்டி வைத்திருக்கிறார்கள், நாயின் உருவத்தோடு. ஏழாம் நூற்றாண்டில் ஒரு நாய்க்குக்கூடப் பெயரும் செயலும் பிழையின்றி எழுதி வைத்த ஊர்க்காரர்கள் நாம். அந்தச் சிக்கனத்தில் எழுதினால் சுப்பிரமணியனுடைய பக்கமும் நிற்கும்.

பக்கத்தின் இறுதியில் வினா வைக்கத்தான் வேண்டும் என்றால், ஒரு செயல்பாட்டை வைக்குமாறு பரிந்துரைக்கிறேன். இரு உலகப்போர்களிலும் மாண்ட பொதுநலவாய வீரர்களின் பெயர்ப் பட்டியலைக் காமன்வெல்த் போர்க் கல்லறை ஆணையம் இணையத்தில் எவரும் தேடிப் பார்க்கும்படி வைத்திருக்கிறது. இந்திய வீரர்கள் பலரின் பதிவில், இன்னாரின் மகன், இன்னாரின் கணவர், இன்ன ஊர், இன்ன மாவட்டம் என்ற விவரமும் இருக்கும். செங்கல்பட்டு, தஞ்சாவூர், திருச்சிராப்பள்ளி, திருநெல்வேலி என்ற பெயர்களை ஆங்கிலேயர் எழுதிய பழைய எழுத்துக்கூட்டலில் தட்டிப் பார்த்தால், மியன்மாரின் டாக்கியானிலும் சிங்கப்பூரின் கிராஞ்சியிலும் நினைவுச் சுவர்களில் பெயராக மட்டும் எஞ்சியிருக்கும் நம் மாவட்டத்துக்காரர்கள் கிடைப்பார்கள். ஒவ்வொரு பள்ளியும் தன் வட்டாரத்தைச் சேர்ந்த ஒரே ஒரு பெயரைக் கண்டுபிடித்து, அவர் எந்தப் பிரிவில் இருந்தார், எங்கே இறந்தார், அந்த நாளில் அந்த இடத்தில் என்ன நடந்துகொண்டிருந்தது என்று அரைப்பக்கம் எழுதட்டும். ஊரில் விசாரிக்கும்போது அந்தக் குடும்பத்தின் மூன்றாம் தலைமுறை ஒருவர் கிடைக்கவும் கூடும். பழைய பெட்டியின் அடியில் ஒரு பதக்கம் இருக்கவும் கூடும். கிடைக்காவிட்டாலும் நட்டமில்லை. உலகப்போர் என்பது ஐரோப்பாவின் வரைபடத்தில் அம்புக்குறிகளாக மட்டும் நடந்தது என்ற எண்ணம் அந்த வகுப்பை விட்டு நீங்கியிருக்கும்.

குழுவின் பரிசீலனைக்காக நான் எழுதிப் பார்த்த வரைவு இது:

‘சுபேதார் சுப்பிரமணியன். ஊர், இன்றைய காஞ்சிபுரம் மாவட்டத்துக் கீழ்ஒட்டிவாக்கம். படை, மெட்ராஸ் சாப்பர்ஸ் அண்ட் மைனர்ஸ். இந்தியாவின் ஒப்புதல் இன்றி இந்தியா ஈடுபடுத்தப்பட்ட இரண்டாம் உலகப்போரில், 1944 பிப்ரவரி 24-ஆம் நாள், இத்தாலி நாட்டு மின்யானோவில் கண்ணிவெடி அகற்றும் பணியில் இருந்தபோது, குழுவில் ஒருவர் மிதித்த கண்ணியின்மேல் பாய்ந்து, அதைத் தம் உடலால் மூடி, உடனிருந்தோரைக் காத்து இறந்தார். ஜார்ஜ் கிராஸ் விருது பெற்றார். இத்தாலியில் சாங்க்ரோ ஆற்றுத் தகன நினைவகத்தில் அவர் பெயர் உள்ளது.’

இதைத் திருத்தவோ, சுருக்கவோ, முற்றிலும் வேறாக எழுதவோ உங்களுக்கு முழு உரிமை உண்டு. என் பெயரைக் குறிப்பிட வேண்டிய அவசியமும் இல்லை. அச்சுக்குப் போகும் முன் பெங்களூருவில் உள்ள மெட்ராஸ் பொறியாளர் பிரிவுக்கு வரைவை அனுப்பி, படைப்பிரிவின் ஆவணங்களோடு ஒப்பிட்டுச் சரிபார்த்துத் தருமாறு கேளுங்கள். புகைப்படம் கிடைத்தால் சேருங்கள். கிடைக்காவிட்டால் ஓவியரைக் கொண்டு மீசை வைத்து வரைந்து சேர்த்துவிட வேண்டாம். அந்த இடத்தில் எஸ்-மைனின் குறுக்குவெட்டுப் படத்தைப் போட்டு, எகிறுவதற்கு நான்கு நொடி என்று அதன் அருகே குறித்துவிடுங்கள்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற வரலாற்று ஆசிரியர் ஒருவர்